வெயில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: ஹாலிஃபாக்ஸ் நகரப் பூங்காக்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸுக்கு நான் வந்து இறங்கியது ஒரு நவம்பர் மாதத்தில். மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது. வெயில் வரட்டும், பிறகு வெளியே போகலாம் என்று முடிவு செய்து, வேலைக்கும் மளிகைக்கடைக்கும் தவிர வேறெங்கும் போகாமல் ஏப்ரல் வரை நிலவறை வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்த ஐந்து மாதங்களைத்தான் இன்றும் என் மனம் இழப்பாகக் கணக்கு வைத்திருக்கிறது. புதிதாக வருகிற மாணவர்களும் குடும்பங்களும், பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோரும் அதே தவறைச் செய்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் வாரத்திலேயே எப்படித் தொடங்கலாம், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை, எதற்குக் கட்டாயம் அஞ்ச வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள நகரப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் காவலாளி நின்று எதற்காக வந்தீர்கள் என்று கேட்பதுமில்லை. நீங்கள் மாணவர் விசாவில் இருந்தாலும், வந்து மூன்றே நாள் ஆகியிருந்தாலும், அந்தப் பெஞ்சில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு. நகரின் நடுவே இருக்கும் ஹாலிஃபாக்ஸ் காமன் என்ற பெரிய புல்வெளி, 1763ஆம் ஆண்டிலேயே ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம். அதற்கும் முன்னால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மிக்மாக் பழங்குடி மக்கள் வாழ்ந்த இடம் இது. ‘பெரிய துறைமுகம்’ என்று பொருள்படும் செபுக்துக் என்ற பெயரால் அவர்கள் இவ்விடத்தை அழைத்தார்கள்.

முதல் வாரம்: வீட்டுக்கு அருகிலேயே தொடங்குங்கள்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கைப்பேசியின் வரைபடத்தில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பச்சை நிறத்தில் தெரியும் இடங்களைப் பாருங்கள். பத்து நிமிட நடைக்குள் ஒரு விளையாட்டுத் திடலோ சிறு பூங்காவோ பெரும்பாலும் இருக்கும். அங்கே மூன்று நாள் தொடர்ந்து, ஒரே நேரத்தில் போய் வாருங்கள். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் வணக்கம் சொல்லுவார். இந்த ஊரில் எதிரில் வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பதும் ‘ஹாய்’ சொல்வதும் சாதாரணம். அதை நட்புக்கான அழைப்பென்றோ விசாரணையென்றோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திருப்பிச் சொல்லிவிட்டு நடந்தால் போதும்.

நடக்கும் ஒழுங்கைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். இடப்பக்கம் போய்ப் பழகிய நமக்குக் கால்கள் தானாகவே பாதையின் இடது ஓரத்துக்குப் போகும். இங்கே வலப்பக்கமாக நடக்க வேண்டும். பின்னாலிருந்து சைக்கிளில் வருகிறவர் மணியடிப்பார், அல்லது ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுப்பார். ‘லெஃப்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் இடப்பக்கம் ஒதுங்குவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. அதனாலேயே சைக்கிளின் முன்னால் போய் விழுகிறார்கள். உங்கள் இடப்பக்கமாகக் கடந்து போகிறேன் என்பதே அதன் பொருள். ஆகவே வலப்பக்கம் ஒதுங்குங்கள். குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

பூங்காவின் வாயிலில் உள்ள பலகையை ஒரு முறை நின்று படியுங்கள். திறந்திருக்கும் நேரம், நாய்களைக் கயிறின்றி விடலாமா கூடாதா, சைக்கிள் போகலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். 2018ஆம் ஆண்டிலிருந்து நகராட்சிக்குச் சொந்தமான இடங்களில், அதற்கென்று குறித்த இடம் தவிர வேறெங்கும் புகைபிடிக்கக் கூடாது. பூங்காவில் விறகோ கரியோ வைத்துத் தீ மூட்டுவதும் கூடாது. பிறந்தநாளுக்கோ ஊர்ச்சங்கக் கூடுகைக்கோ ஐம்பது பேர் சேரப்போகிறீர்கள் என்றால், முன்னதாகவே 311 என்ற எண்ணில் நகராட்சியை அழைத்து, இடத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, அடுப்பு கொண்டுவரலாமா என்று கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

நகரத்துக்குள் இரண்டு பூங்காக்கள்

ஸ்பிரிங் கார்டன் சாலையும் சவுத் பார்க் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள பப்ளிக் கார்டன்ஸ், விக்டோரியா காலத்துப் பாணியில் அமைந்த பூந்தோட்டம்; 1984இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதைப் பூங்கா என்பதைவிட, ஊரே சேர்ந்து வளர்க்கும் ஒரு வீட்டுத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டால் அதன் விதிகள் எளிதாகப் புரியும். இங்கே ஓடக் கூடாது, சைக்கிள் கூடாது, நாய் கூடாது; மெல்ல நடக்கலாம், உட்காரலாம், படிக்கலாம், படம் எடுக்கலாம். குளத்து வாத்துகளுக்கு ரொட்டியோ சோறோ போடாதீர்கள். அவற்றின் உடலுக்கும் தண்ணீருக்கும் அது கேடு. அந்தக் குளத்தில் டைட்டானிக் கப்பலின் சிறிய மாதிரி ஒன்று மிதக்கும். அந்தக் கப்பலில் இறந்தவர்களில் 121 பேர் இந்நகரின் ஃபேர்வியூ லான் கல்லறையில்தான் உறங்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அது நல்ல இடம். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை பார்த்துக்கொள்ளுங்கள்; குளிர்காலத்தில் போவதென்றால் தோட்டம் திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

2022 ஜூலையில் ஒரு நள்ளிரவில் யாரோ உள்ளே புகுந்து முப்பதுக்கு மேற்பட்ட மரங்களின் பட்டையைச் சுற்றிலும் கோடரியால் வெட்டிவிட்டார்கள். பட்டையைச் சுற்றி அறுத்தால், இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் மெல்லச் சாகும். தோட்டக்காரர்கள் வெட்டுக்கு மேலும் கீழும் சிறு குச்சிகளைப் பாலம்போல ஒட்டுக் கட்டி, சில மரங்களையாவது காப்பாற்றப் பாடுபட்டார்கள். வேலிக்கு இப்பால் நின்று அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. இந்த ஊர் மக்கள் தங்கள் மரங்களை எப்படி நேசிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

மற்றொன்று, நகர மையம் அமைந்த தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள பாயின்ட் பிளெசன்ட் பூங்கா. ஏறத்தாழ 75 ஹெக்டேர் காடு, இரண்டு பக்கமும் கடல். 1866இல் பிரிட்டிஷ் அரசிடமிருந்து 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்ற இந்த நிலத்துக்கு ஆண்டு வாடகை ஒரே ஒரு ஷில்லிங். உள்ளே 1796இல் கட்டத் தொடங்கிய வட்டக் கோபுரம் ஒன்றும் பழைய பீரங்கித் தளங்களும் இருக்கின்றன. 2003 செப்டம்பர் 29ஆம் நாள் கரையேறிய ஹுவான் சூறாவளி, இங்கிருந்த மரங்களில் பெரும்பகுதியை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. இன்று நீங்கள் பார்க்கும் இளங்காடு அதற்குப் பின் வளர்ந்தது; பெரிய மரங்களுக்கிடையே ஒரே உயரத்தில் நெருக்கமாக நிற்கும் கன்றுகளைப் பார்த்தாலே அது தெரியும். முதல் முறை போகிறவர்கள் கடலோரப் பாதையை விட்டு விலகாமல் ஒரு சுற்று வந்தால் வழி தவறாது. கோடையில் இங்கே திறந்தவெளியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களும் நடக்கும். ‘ஷேக்ஸ்பியர் பை த சீ’ என்ற குழு 1994 முதல் நடத்திவருகிறது. மாலையில் கடற்காற்று கடுமையாக இருக்கும் என்பதால் ஜூலையிலும் ஒரு போர்வை கொண்டுபோங்கள்.

காரில்லாதவர்கள் தவறவிடக் கூடாத பயணம் ஒன்று உண்டு. நகர மையத்திலிருந்து டார்ட்மத் கரைக்குப் போகும் படகு, பேருந்துப் போக்குவரத்தின் ஒரு பகுதியே; பேருந்தில் வாங்கிய மாற்றுச்சீட்டு படகுக்கும் செல்லும், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். இந்தத் துறைமுகத்தில் படகு ஓடத் தொடங்கியது 1752இல். அக்கரையில் இறங்கி, சிறிது தூரம் நடந்தால் சல்லிவன்ஸ் பாண்ட் என்ற குளமும் அதையடுத்து பனூக் ஏரியும் வரும். செலவு குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

குளிர்காலம்: உடையும் பனிக்கட்டியும்

இந்த ஊரின் குளிரை நாட்டின் உட்பகுதிக் குளிரோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். அட்லாண்டிக் கடலை ஒட்டியிருப்பதால் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று மழை, இரவில் உறைவு, நாளை பளிங்குபோல் வழுக்கும் நடைபாதை. ஆகவே இங்கே முதல் எதிரிகள் காற்றும் வழுக்கலும்தான். பனிப்பொழிவு அவற்றுக்குப் பின்னால்தான் வரும். வானிலை முன்னறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர் எவ்வளவு என்று தனியாகக் கொடுத்திருப்பதையும் பாருங்கள்.

உடை மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டியதாகக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல்; நடுவில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை; வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம், ஏனென்றால் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைக்கும். நம் ஊரில் வாங்கிவந்த தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, இங்கே பழைய துணிக் கடையில் வாங்கும் மெல்லிய அடுக்குகள் மூன்று மேல். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், சிறு இரும்பு முட்கள் பதித்த ரப்பர் பட்டை ஒன்றை வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்றால் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். சில பாதைகளில் ‘குளிர்காலப் பராமரிப்பு இல்லை’ என்று பலகை இருக்கும். அங்கே உப்போ மணலோ தூவியிருக்க மாட்டார்கள். பல பூங்காக்களில் கழிப்பறைகளும் குளிர் முடியும் வரை பூட்டியிருக்கும். புறப்படும் முன்பே அதை நினைவில் வையுங்கள்.

இனி, குளிர்காலத்தில் இந்த ஊர் தரும் மிகப் பெரிய கொடைக்கு வருகிறேன். காமன் புல்வெளியில் எமெரா ஓவல் என்ற 400 மீட்டர் திறந்தவெளிப் பனிச்சறுக்குத் திடல் இருக்கிறது. 2011இல் நடந்த கனடா விளையாட்டுப் போட்டிக்காகத் தற்காலிகமாக அமைத்தது அது. மக்கள் விரும்பிக் கேட்டதால் நிலையாகவே வைத்துக்கொண்டார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, வானிலை ஒத்துழைக்கும்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் சறுக்கலாம். கட்டணம் இல்லை. ஸ்கேட் என்ற, அடியில் இரும்புத் தகடு பதித்த சறுக்குக் காலணியும் ஹெல்மெட்டும் இரவல் தருகிறார்கள், அதற்கும் கட்டணம் இல்லை. புகைப்பட அடையாள அட்டை ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

முதல் தடவை செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் காலணி அளவைவிட ஒன்று குறைவான ஸ்கேட்டைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள். குதிகால் மேலே எழாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கனமான சாக்ஸ் போடுவதைவிட மெல்லியது ஒன்று போதும். நாடாவை விரல் பக்கம் சற்றுத் தளர்த்தியும் கணுக்கால் பக்கம் நன்றாக இறுக்கியும் கட்டுங்கள். கணுக்கால் ஆடினால் கால் உள்பக்கம் மடிந்து ஐந்தே நிமிடத்தில் வலிக்கும். ஹெல்மெட்டும் கையுறையும் கட்டாயம். பனிக்கட்டி மேல் நின்றதும் உடம்பு தானாகப் பின்னால் சாயப் பார்க்கும். முழங்காலை மடக்கி, சற்று முன்னால் குனிந்து, வாத்து நடப்பதுபோல் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பிச் சிறு எட்டுகளாக வையுங்கள். தள்ளிக்கொண்டு போக உதவும் சட்டங்களும் கிடைக்கும். அதைப் பிடிக்கப் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பின்பக்கமாக விழாமல் பக்கவாட்டில் சரிந்து விழுங்கள். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள், அதற்கு எதிராகப் போகாதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகச் சறுக்கக் கற்ற தமிழ் அம்மாக்களை அந்தத் திடலில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஏரிகள் உறைந்திருப்பதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். கடலோர ஊரில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவதால் பனிக்கட்டியின் கனம் இடத்துக்கு இடம் மாறும். பனிக்கட்டி பாதுகாப்பானது என்று உறுதியாகத் தெரியாத எந்த ஏரியிலும் கால் வைக்கக் கூடாது. யாரோ ஒருவர் நடுவில் நிற்கிறார் என்பது சான்றாகாது.

உண்ணி

வெப்பநிலை 4 பாகைக்கு மேல் ஏறினால் உண்ணிகள் நடமாடத் தொடங்கும். நோவா ஸ்கோஷியா முழுவதுமே கருங்கால் உண்ணி உள்ள பகுதி. அதன் கடியால் லைம் என்ற பாக்டீரியா நோய் வரலாம். இந்த உண்ணி எள்ளைவிடச் சிறிதாகவும் இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரின் முழங்காலுக்குப் பின்னால், குளித்துவிட்டு வந்தபோது ஒரு கரும்புள்ளியைப் பார்த்தோம். மச்சம் என்றே நினைத்திருப்போம். கால்கள் அசைந்ததால் தெரிந்தது.

புல்லும் புதரும் உள்ள பாதையில் போவதென்றால் வெளிர் நிற முழுக்கால்சட்டை போட்டு, அதன் விளிம்பைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாதையின் நடுவே நடங்கள். வீடு திரும்பியதும் உடைகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் பத்து நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடியின் விளிம்பு ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள், சூடு வைக்காதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேல்நோக்கி இழுத்து எடுங்கள். பிறகு தாமதிக்காமல் அருகிலுள்ள மருந்துக்கடைக்குப் போங்கள். இந்த மாகாணத்தில் மருந்தாளரே பார்த்து, தேவையென்றால் தடுப்பு மருந்து எழுதித் தர முடியும். அது 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய மருந்து. ஐயம் இருந்தால் 811 எண்ணில் செவிலியரிடம் பேசலாம். உண்ணிக்குப் பயந்து வெளியே போகாமல் இருந்துவிடாதீர்கள். தினமும் காட்டில் நடக்கிற உள்ளூர் மக்கள், பல் துலக்குவதுபோல் தினமும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

தண்ணீரும் தீயும்

கோடையில் சாக்லேட் லேக் போன்ற ஏரிக்கரைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். புதியவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது. கிருமி அதிகமானாலோ நீலப்பச்சைப் பாசி படர்ந்தாலோ கரையை மூடிவிடுவார்கள். போகும் முன் நகராட்சியின் அறிவிப்பைப் பாருங்கள். கடலில் குளிக்க ரெயின்போ ஹேவன், கிரிஸ்டல் கிரெசன்ட் ஆகிய மாகாணக் கடற்கரைகள் உண்டு. கிரிஸ்டல் கிரெசன்ட்டில் மூன்று கரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றாவதில் ஆடையின்றி இருப்பவர்கள் இருப்பது வழக்கம் என்பதால், பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆகஸ்டிலும் கடல்நீர் நம் ஊர்க் கடல்போல் இருக்காது. எலும்பு வரை குளிரும். சுடிதாரோ வேட்டியோ நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், ஆகவே நீச்சலுடையோ ஒட்டிய செயற்கை இழை உடையோ அணியுங்கள். சிறுவர்களுக்கு உயிர்காப்புச் சட்டை போடுங்கள்.

பெகிஸ் கோவ் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போகாத குடும்பம் இருக்காது. அங்கே நீங்கள் காக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: கறுப்பாகத் தெரியும் பாறையில் கால் வைக்காதீர்கள். அலை தொடும் பாறைதான் கறுப்பாக இருக்கும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு பேரலை வந்து அள்ளிக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. படம் எடுப்பதற்காக யாரையும் ‘இன்னும் கொஞ்சம் பின்னால் போ’ என்று சொல்லாதீர்கள்.

வறண்ட கோடையில் மாகாண அரசு காடுகளுக்குள் போவதையே தடை செய்வதுண்டு. 2023 மே மாதம் நகரின் புறப்பகுதியான டான்டலன் அருகே எழுந்த காட்டுத்தீ 150க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் முதல் அத்தகைய தடை வந்தபோது, மீறுவோருக்கு அபராதம் 25,000 டாலர். அப்போதும் கடற்கரைக்குப் போகத் தடை இருக்கவில்லை. ஜூலை, ஆகஸ்டில் காட்டுப்பாதைக்குப் புறப்படும் முன் அன்றைய செய்தியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சற்றுத் தொலைவு

கால் பழகிய பிறகு, நார்த்வெஸ்ட் ஆர்ம் என்ற கடற்கழியின் கரையில் உள்ள சர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் பூங்காவுக்குப் போகலாம். உலகத்துக்கெல்லாம் பொதுவான நேர மண்டல முறைக்காகப் பாடுபட்ட ஃபிளெமிங், தன் நிலத்தை ஊருக்குக் கொடுத்து உருவான பூங்கா அது. அங்குள்ள கோபுரம் 1912இல் திறக்கப்பட்டது. புளூ மவுண்டன் பர்ச் கோவ் லேக்ஸ் என்ற காட்டுப்பகுதிக்கு மட்டும் தெரிந்தவர் துணையில்லாமல் முதல் ஆண்டில் போகாதீர்கள். பாதைகள் தெளிவாகக் குறிக்கப்படாததால் வழி தவறுவது எளிது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். டார்ட்மத்தில் உள்ள ஷூபி பூங்கா, 1826இல் தோண்டத் தொடங்கி 1861இல் முடித்த ஷூபனகாடி கால்வாயின் ஓரமாக நீள்கிறது. கால்வாயின் கருங்கல் மதகுகளை இன்றும் பார்க்கலாம். அங்கே சிக்கடி என்ற சிறு பறவைகள் உண்டு. கறுத்த தொப்பி, வெண் கன்னம், நம் சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. மக்களிடம் அவை பலகாலமாகப் பழகிவிட்டன. உப்பில்லாத சூரியகாந்தி விதைகளைக் கொஞ்சம் கொண்டுபோங்கள். குளிர்காலத்துக் காலை நேரம்தான் நல்லது. பாதையோரம் கிளைகளுக்கு அருகே நின்று, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை விரித்து, பேசாமல் நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. கை விறைக்கும். பிறகு ஒன்று பக்கத்துக் கிளைக்கு வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், போய்விடும், திரும்பி வரும். விரல் நுனியில் வந்து அமரும்போது எடையே தெரியாது, நகங்களின் பிடி மட்டும் தெரியும். ஒரு விதையை எடுத்து, பிடிக்காமல் கீழே போட்டுவிட்டு, வேறொன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பறக்கும். குழந்தையோடு போகிறீர்கள் என்றால் அதன் கையை உங்கள் கைமேல் தாங்கிக்கொள்ளுங்கள். பறவை வந்ததும் குழந்தை திடுக்கிட்டுக் கையை இழுக்காமல் இருக்கும்.